நான்கு லட்சத்துக்குள் கேஈ 70க்கு வேறு எஞ்சின் போடுவது பற்றி

தம்பி, நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். திருகோணமலை உப்புவெளி வீட்டுக் கொட்டிலில் அப்பாவின் பழைய டொயோட்டா கேஈ 70 கொரோலா நிற்கிறது. அதன் 4கே பெற்றோல் எஞ்சின் நீலப் புகை தள்ளுகிறது, கந்தளாய் போய்ச் சேர்வதற்குள் சூடேறுகிறது. இழுவையும் கொஞ்சம் கூட வேண்டும். கையில் நான்கு லட்சம் ரூபாய் இருக்கிறது. நண்பர் டொயோட்டாவின் 4ஏஜீ பெற்றோல் எஞ்சினைப் போடச் சொல்கிறார், மாமா 2சீ டீசல் போடச் சொல்கிறார். 'குறைந்த செலவில் எந்த எஞ்சின் நல்லது' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: நான்கு லட்சத்துக்குள் வேலை முழுதாக முடிந்து, கார் கொழும்பு வரைக்கும் போய் வந்து, அடுத்த வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போதும் சிக்கல் வராத வழி எது? இதற்குப் பதில் சொல்லலாம். 'நல்ல எஞ்சின் எது' என்பதற்கு ஆளாளுக்கு ஒரு பதில் இருக்கும்.

நான் அநுராதபுரச் சந்திப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் கராஜ் வைத்திருக்கிறவன். காபரேட்டர் எஞ்சின்களில் வளர்ந்த கை. பின் சில்லில் ஓடும் பழைய கார்களுக்கு எஞ்சின் மாற்றியது இருபதுக்கு மேல் வரும். ஆனால் ஈஎஃப்ஐ, அதாவது காபரேட்டருக்குப் பதில் கணினி சொல்கிறபடி பெற்றோலைப் பீச்சுகிற எஞ்சின் ஏற்றியது மூன்றே மூன்று கார்களுக்கு. அந்த மூன்றிலும் வயரிங்கை வேறொருவர்தான் செய்து தந்தார். ஆகவே இரும்பு வேலை பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுங்கள். வயரிங் பற்றிச் சொல்வதை அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் காரை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்த மாவட்டத்தில் எஞ்சின் மாற்றப்போய்ப் பாதியில் நின்ற கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிண்ணியாவில் ஒன்று ஆறு வருடமாகத் தகரத்துக்குக் கீழே நிற்கிறது. எஞ்சின் உள்ளே இருக்கிறது, கியர் பொக்ஸ் நிலத்தில் கிடக்கிறது. இப்படி நின்றவை ஒன்றுகூட எஞ்சின் கெட்டு நின்றதில்லை. எஞ்சின் வாங்கியதோடு காசு முடிந்ததால் நின்றவை. எஞ்சினுக்குக் கொடுக்கிற அதே அளவு காசு, பல நேரம் அதைவிடக் கூட, அதைக் காரோடு பொருத்துவதற்குப் போகும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங், கிளச், கியர் பொக்ஸிலிருந்து பின் சில்லுக்கு ஓட்டம் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாஃப்ட், ரேடியேட்டர், ஹோஸ்கள், சைலன்சர், கேபிள், ஒயில், வெல்டிங் கூலி, லேத் கூலி என்று சின்னச் சின்னதாகப் போகிற காசை யாரும் முதலில் எழுதி வைப்பதில்லை. அதனால் என் கணக்கில் உங்களுக்கு எஞ்சினுக்கான காசு இரண்டு லட்சத்துக்குள். அதைத் தாண்டும் எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்குச் சரிவராது.

அதற்கும் முதல் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் 4கே உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று பாருங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, அதில் சந்தேகமில்லை. எங்கிருந்து எரிகிறது என்பதில்தான் காசு இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு குபீர், பிறகு குறைகிறது என்றால் பெரும்பாலும் வால்வ் சீல். அது ஒருநாள் வேலை. அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் புகை கூடுகிறது, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் புஸ் புஸ் என்று காற்று அடிக்கிறது என்றால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கொம்பிரஷன் மீற்றர் ஒன்றை இரவல் வாங்குங்கள். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, மீற்றரைப் பிளக் துவாரத்தில் வைத்து, அக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக ஸ்டார்ட்டர் அடித்துப் பாருங்கள். பற்றரி முழுச் சார்ஜில் இருக்கவேண்டும், இல்லையென்றால் எண் பொய் சொல்லும். நான்கும் ஒன்றுக்கொன்று கிட்டவாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங். அசையாமல் நின்றால் வால்வ் அல்லது ஹெட் கஸ்கெட். இதற்கு ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் எஞ்சின் தேடப் போகாதீர்கள்.

சூடேறுவது வேறு கதையாக இருக்கலாம். திருகோணமலையிலிருந்து கந்தளாய் வரை ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, கிட்டத்தட்டச் சமதரை. சமதரையில் நாற்பது கிலோமீற்றர் ஓடுவதற்குள் 4கே சூடேறினால் நான் முதலில் ரேடியேட்டரைத்தான் பார்ப்பேன். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உவர். வருடக்கணக்காக அதை ஊற்றி ஓடிய ரேடியேட்டரின் மேல் தொட்டியை வெட்டித் திறந்தால் குழாய்களின் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, பாதிக் குழாய் அடைபட்டிருக்கும். போன ஆடியில் ஒரு ரேடியேட்டரைத் திறந்தேன். ஸ்க்ரூ ட்ரைவரின் முனையால் தட்டத் தட்டச் சுண்ணாம்பு சிப்பி ஓடு போலக் கழன்று விழுந்தது. அந்தக் காருக்கும் வேறு எஞ்சின் போடவேண்டும் என்றுதான் கொண்டுவந்திருந்தார்கள்.

சரி, 4கே தேய்ந்துவிட்டது என்றே வைப்போம். உங்கள் இரண்டு ஆலோசகர்களும் சொல்லாத வழி ஒன்று உண்டு. அதையே திருப்பிக் கட்டுவது. சிலிண்டரை லேத்தில் கொடுத்து உள்ளே கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பெயரிங், கஸ்கெட் செட், வால்வ் வேலை. 4கே என்பது 1290 சீசீ வார்ப்பிரும்பு எஞ்சின், செயின் ஓட்டம், தள்ளுகம்பியால் வால்வ் திறப்பது. டொயோட்டா 1966 இல் முதல் கொரோலாவுக்கு 1077 சீசீ எஞ்சினாக இந்தக் குடும்பத்தைத் தொடங்கி, பிறகு பல பத்து வருடங்களுக்கு வான்களிலும் ஃபோர்க்லிஃப்டுகளிலும் போட்டுக்கொண்டே வந்தது. அதனால்தான் இன்றைக்கும் சாமான் கிடைக்கிறது. திருப்பிக் கட்டுவதில் இன்னொரு பெரிய நன்மை, எஞ்சின் இலக்கம் மாறாது. பதிவுச் சான்றிதழைத் தொடவே வேண்டாம். அப்பாவின் கார் என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே சொல்கிறேன்: என் சொந்தக் காராக இருந்தால், கார் வேகமாக ஓடவேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால், நான் இதைத்தான் செய்வேன்.

ஆனால் நீங்கள் கேட்டது மாற்றுவதைப் பற்றி. கொஞ்சம் இழுவை கூட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 5கே. 1486 சீசீ, அதே குடும்பம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், உங்கள் 4கேயில் உள்ள அதே 73 மில்லிமீற்றர்தான், சிலிண்டரின் விட்டம் மட்டும் 75 இலிருந்து 80.5 ஆகிறது. எஞ்சின் பின்பக்கம் கியர் பொக்ஸோடு சேரும் இடம் ஒரே மாதிரி, ஆகவே எஞ்சினையும் கியர் பொக்ஸையும் சேர்க்கிற கூடான பெல் ஹவுசிங்கும் கியர் பொக்ஸும் அப்படியே இருக்கும். கியர் பொக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தால் புரொப்பலர் ஷாஃப்டைத் தொடவேண்டாம். கியர் லீவர் அதே ஓட்டைக்குள் வரும். ஸ்பீடோ கேபிள் அதேதான். பட்ஜெட் எஞ்சின் என்று நான் சொல்வது இதைத்தான். பொருத்துவதற்குச் செலவு இல்லாத எஞ்சின்தான் மலிவான எஞ்சின், கடையில் சொல்கிற விலையை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. நிசான் சனி பீ 310 கார் வைத்திருக்கிறவர்கள் நிசான் வனட் வானின் ஏ15 எஞ்சினைத் தேடுவதும் இதே காரணத்தால்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நான் அதில் விழுந்திருக்கிறேன். நம் நாட்டில் கிடைக்கும் 5கே பெரும்பாலும் லைட்ஏஸ், டவுன்ஏஸ் வான்களில் இருந்து வருவது. வானில் எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே சாய்ந்து படுத்திருக்கும். உங்கள் காரில் நிமிர்ந்து நிற்கும். ஆகவே வானின் ஒயில் சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தொட்டி வேறு, உள்ளே ஒயிலை உறிஞ்சும் குழாய் வேறு, மவுண்டிங் கை வேறு, மேனிஃபோல்டும் சைலன்சர் குழாய் இறங்கும் பக்கமும் வேறு. பல வருடங்களுக்கு முன் ஒரு கொரோலா டீஎக்ஸ் வாகன் காருக்கு 5கே ஏற்றினேன். எஞ்சினைச் செயின் புளொக்கில் தொங்கவிட்டு மெல்ல இறக்குகிறேன். மவுண்டிங் துவாரங்கள் சேர இன்னும் இரண்டு விரற்கடை இருக்கும்போதே சம்ப் போய், எஞ்சினுக்குக் கீழே குறுக்காகப் போகிற இரும்புச் சட்டமான கிராஸ் மெம்பரில் உட்கார்ந்துவிட்டது. காரின் பழைய சம்பைப் போட்டால் தீர்ந்தது. ஆனால் பழைய 4கேயை அதற்கு முதல் நாள்தான் இரும்புக்காரருக்கு முழுதாக நிறுத்துக் கொடுத்திருந்தேன். ஒரு சம்ப் தேடி இரண்டு கிழமை அலைந்தேன், வாகன்காரர் ஒவ்வொரு நாளும் வந்து கேட்டுவிட்டுப் போனார். அவசரப்பட்டது நான்தான். அன்றிலிருந்து புது எஞ்சின் ஆயிரம் கிலோமீற்றர் ஓடும் வரைக்கும் பழைய எஞ்சினின் ஒரு போல்ட்டைக்கூட நான் வெளியே விடுவதில்லை. நீங்களும் விடாதீர்கள். சம்ப், உறிஞ்சு குழாய், மவுண்டிங் கை, மேனிஃபோல்ட், காபரேட்டர் எல்லாம் உங்கள் 4கேயிலிருந்து 5கேக்குப் போகவேண்டியவை. பிளைவீலையும் கிளச்சையும் இரண்டு எஞ்சினும் பக்கத்தில் இருக்கும்போதே ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் போல்ட் துவாரங்களையும் பிளேட் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 5கே சிலவற்றில் வால்வ் தள்ளும் டப்பெட், ஒயில் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ரோலிக் வகையாக இருக்கும். அதனால் தள்ளுகம்பிகளையும் டப்பெட்டுகளையும் இரண்டு எஞ்சினுக்கிடையில் கலக்காதீர்கள். அப்புறம், எஞ்சின் பெருத்ததால் காபரேட்டருக்குள் பெற்றோல் வருகிற துவாரமான மெயின் ஜெட் கொஞ்சம் பெரிதாகவேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டினால் கலவையில் பெற்றோல் குறைந்து எஞ்சின் சூடேறும்.

4ஏஜீ பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். அருமையான எஞ்சின். 1587 சீசீ, பதினாறு வால்வ், 1983 இல் ஏஈ 86இல் வந்தபோது 130 குதிரைவலு என்று டொயோட்டா போட்டது. உங்கள் 4கே அதில் ஏறக்குறையப் பாதிதான். ஏஈ 86இன் அடித்தளமே உங்கள் காரின் வழியில் வந்ததுதான், ஆகவே உலகம் முழுக்கக் கேஈ 70க்கு 4ஏஜீ ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதோடு என்னென்ன வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள். கே எஞ்சினின் பெல் ஹவுசிங் இதற்குச் சேராது. டீ50 கியர் பொக்ஸ் வேண்டும், அதுவும் பின் சில்லு ஓட்டத்துக்கான பெல் ஹவுசிங்கோடு. கியர் பொக்ஸ் மாறினால் புரொப்பலர் ஷாஃப்ட் மாறும், அதை வெட்டி ஒட்டிப் பலன்ஸ் பண்ணவேண்டும். கியர் பொக்ஸ் பின்பக்கத்து மவுண்டிங் மாறும். முன் சில்லு ஓடும் காரிலிருந்து வந்த எஞ்சின் என்றால் சம்ப், தண்ணீர்க் குழாய்கள், மேனிஃபோல்ட் எல்லாம் குறுக்காகப் படுக்கும் எஞ்சினுக்காகச் செய்தவை. அதை நெடுக்காகத் திருப்பி வைக்கும்போது பின்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது எதுவும் எஞ்சின் அறைக்கும் இருக்கைப் பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் (ஃபயர் வோல்) போய் முட்டும். கிராங்கின் பின்முனையில் கியர் பொக்ஸ் ஷாஃப்ட் உட்காரும் பைலட் பெயரிங்குக்கு இடம் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்கவேண்டும். ஓட்டோமற்றிக் காரின் எஞ்சின் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

அதற்குமேல் பெற்றோல் வழி. உங்கள் காபரேட்டருக்குப் போகும் பெற்றோலின் அழுத்தம் நான்கைந்து பீஎஸ்ஐக்குள் இருக்கும். ஈஎஃப்ஐக்கு அது முப்பத்தைந்து நாற்பது பீஎஸ்ஐ. பழைய ஹோஸைக் கிளிப் போட்டு இறுக்கி விட்டு ஓடினால் ஒருநாள் அது சூடான மேனிஃபோல்டுக்கு மேல் பீச்சும். ஆகவே புதுப் பம்ப், ஈஎஃப்ஐக்கென்று விற்கிற ஹோஸ், பெற்றோல் தாங்கிக்குத் திரும்பிப் போகும் குழாய், வளைவில் பெற்றோல் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்காமல் இருக்கத் தாங்கிக்குள் ஒரு தடுப்பு. இதெல்லாம் தீப்பிடிக்காமல் இருப்பதற்கான செலவு. இதில் ஒரு சதமும் குறைக்க முடியாது. பிறகு எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈசியூ, முழு வயரிங் கட்டு, சென்ஸர்கள். எஞ்சின் வாங்கும்போது வயரிங்கை வெட்டித் தருவார்கள். ஐந்து அங்குலத்தில் வெட்டிய வயர்களை வைத்துக்கொண்டு எந்த நிறம் எங்கே போனது என்று தேடுவதற்கு நான் ஒருமுறை பதினொரு நாள் செலவழித்தேன். இன்னொன்று, ஹபரணைக்கும் அக்போபுரவுக்கும் இடையில் யானை கடக்கிற காட்டுப் பாதையில் இரவு பத்து மணிக்குக் கார் நின்றால், காபரேட்டர் காரை ஒரு ஸ்க்ரூ ட்ரைவரும் வயர்த் துண்டும் வைத்து நகர்த்திவிடலாம். ஈஎஃப்ஐ பம்ப் போனால் விடியும் வரை அங்கேதான். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் கார்களையும் ஏ40 கார்களையும் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியது உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். கொம்பிரஷன் குறைந்த பழைய எஞ்சினுக்கு அந்தப் பொறுமை இருந்தது. ஆகவே 4ஏஜீ நான்கு லட்சத்துக்குள் முடியுமா என்று கேட்டால், முடியாது. எஞ்சினை யாராவது சும்மா தந்தால்கூட மீதி வேலைக்கு அந்தக் காசு மட்டுமட்டாகத்தான் இருக்கும்.

டீசலை விரைவாக முடிக்கிறேன். 2சீ 1974 சீசீ, உங்கள் 4கேயைவிட நன்றாகவே பாரம். முன் ஸ்பிரிங் உட்காரும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், அதிர்வில் மவுண்டிங்கும் காரின் உடம்பும் ஆடும். சூடேறினால் ஹெட்டில் வெடிப்பு விழுவது அந்த எஞ்சினின் பழைய நோய், அதுவும் எங்கள் ஊர் வெயிலில். அத்தோடு எரிபொருள் வகை மாறுகிறது. பதிவுப் புத்தகத்தில் பெற்றோல், வண்டியில் டீசல் என்று ஓடிக்கொண்டிருந்த ஆட்கள் 2022 இல் கியூஆர் அட்டைக்கு எரிபொருள் பங்கிட்ட நேரத்தில் பட்ட பாட்டை நான் நேரே பார்த்தேன். புகைப் பரிசோதனையும் பெற்றோலுக்கு ஒரு மாதிரி, டீசலுக்கு வேறு மாதிரி. மாமா சொல்வது எரிபொருள் செலவை நினைத்து. நீங்கள் மாதத்தில் எத்தனை கிலோமீற்றர் ஓடுவீர்கள் என்று எழுதவில்லை. ஹயருக்கு ஓடாத காருக்கு அந்த மிச்சம் மாற்றின செலவைத் திருப்பித் தராது என்பது என் எண்ணம்.

எஞ்சினைவிட நான் அதிகம் கவலைப்படுவது காரின் உடம்பைப் பற்றி. உப்புவெளியில் வாடைக் காலத்தில் கடல்காற்று நேரே வீட்டுக்குள் வரும். கொட்டிலில் நிறுத்திய கார் ஓடுகிற காரைவிட வேகமாகத் துருப்பிடிக்கும், ஏனென்றால் ஈரம் காயாது. முன்பக்கம் கிராஸ் மெம்பர் சேசியில் போல்ட் ஆகும் இடங்கள், ஸ்ட்ரட்டின் மேல் தொப்பி உட்காரும் இடம், பற்றரித் தட்டுக்குக் கீழ், பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடம் எல்லாவற்றையும் ஸ்க்ரூ ட்ரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு என்றால் கிண் என்று கேட்கும். துரு தின்ற இடம் தொப் என்று அடங்கிக் கேட்கும். பெயின்டுக்குக் கீழே பூச்சு மட்டும் இருக்கிற இடத்தில் புது எஞ்சினின் இழுவையைக் கொண்டுபோய்க் கட்டக்கூடாது. துரு இருந்தால் உங்கள் காசில் முதல் பங்கு டிங்கரிங் வேலைக்குத்தான். 2020 இலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் இந்தப் பழைய கார்களின் விலை ஏறியதால், துருவைப் பூச்சால் மறைத்து மேலே அழகாகப் பெயின்ட் அடித்து விற்றதும் நிறைய. உங்களுடையது வீட்டுக் கார் என்பதால் அந்தப் பயம் குறைவு. இருந்தாலும் தட்டிப் பாருங்கள்.

5கே போட்டாலும் குளிரூட்டலை ஒருமுறை ஒழுங்காகச் செய்யவேண்டும். வைகாசி ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது வீதியே அடுப்புப் போல் இருக்கும். அந்த நேரத்தில் ஓடும் எஞ்சினை மனதில் வைத்துத்தான் ரேடியேட்டர் தெரிவு செய்யவேண்டும், மார்கழி மழையில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படக்கூடாது. பழைய உள்கட்டைக் கழற்றி ஒரு வரிசை குழாய் கூடப் போட்டுக் கட்டித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். விசிறியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டைப் பலர் எஞ்சின் வேலையின்போது கழற்றி எறிந்துவிடுவார்கள். அது இல்லையென்றால் விசிறி இழுக்கிற காற்று ரேடியேட்டருக்கூடாக வராமல் பக்கத்தால் வரும். தேடிப் போடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் குளிரும் என்று எங்கள் கராஜ்களில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. 82 பாகையில் திறக்கும் நல்ல தெர்மோஸ்டாட் ஒன்றைப் போடுங்கள். அது இல்லாமல் ஓடுகிற எஞ்சின் காலையில் நெடுநேரம் குளிராகவே ஓடி, ஒயிலும் பெற்றோலும் கலந்து சிலிண்டர் தேயும். கிணற்றுத் தண்ணீர் இனி ஒருதுளியும் வேண்டாம். கூலன்ட், காய்ச்சி வடித்த தண்ணீர், அவ்வளவுதான்.

பிரேக் பற்றிச் சுருக்கமாக: 5கேக்குக் காரில் இருக்கிற பிரேக் போதும், ஆனால் அது புதுசு போல் வேலை செய்யவேண்டும். மாஸ்டர் சிலிண்டர், சில்லுச் சிலிண்டர், ஹோஸ், பாட், சூ எல்லாம் பாருங்கள். நெடுநாள் நின்ற காரில் ரப்பர்கள் இறுகிப் போயிருக்கும். எஞ்சின் ஓடுகிறதென்ற சந்தோஷத்தில் பிரேக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நான் அப்படிப்பட்ட காரைக் கராஜ் வாசலுக்கு வெளியே விடுவதில்லை.

எஞ்சின் வாங்கக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போவீர்களோ, குருநாகல் பக்கம் போவீர்களோ, ஒருநாள் முழுக்க ஒதுக்கிக்கொண்டு போங்கள். டோர்ச், ஸ்பானர் செட், பழைய துணி, உங்கள் எஞ்சினின் பின்முகத்தை அளந்து வெட்டிய ஒரு காட்போட் அச்சு கொண்டுபோங்கள். காட்போட்டைப் பழைய எஞ்சினின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தினால் போல்ட் துவாரங்கள் எல்லாம் பதியும். கடையில் அதை எஞ்சினின் பின்னால் பிடித்துப் பார்த்தால் வாய்ப்பேச்சு தேவையில்லை. கிராங்கை ஸ்பானரால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகி நின்றால் விட்டுவிடுங்கள். மேல் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இரும்பு தேன் நிறமாக இருந்தால் நல்லது, கறுப்புத் தார் அப்பியிருந்தால் ஒயில் மாற்றாமல் ஓடியது. பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். நான்கும் ஒரே நிறமாக இருக்கவேண்டும். தண்ணீர் வெளியேறும் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள், கபிலத் துரு கையில் வந்தால் அந்த எஞ்சின் வெறும் தண்ணீரில் ஓடியிருக்கிறது. எஞ்சினில் அடித்த இலக்கத்தைத் துடைத்துப் படம் எடுங்கள். அரைத்து அடித்த தடம் இருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

இலக்கத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் எரிபொருளும் எழுதப்பட்டிருக்கின்றன. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்தவேண்டும், காப்புறுதிக்கும் அறிவிக்கவேண்டும். திருத்தாமல் ஓடும் கார்கள் எத்தனையோ உண்டு. விபத்து ஒன்று நடக்கிற நாளில், அல்லது காரை விற்கிற நாளில்தான் அதன் விலை தெரியும். வாங்குகிற இடத்தில் எஞ்சின் இலக்கம் எழுதிய பில்லும், இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியும் கேளுங்கள். தரமுடியாதென்றால் வேறு கடை. முக்கியமாக, எஞ்சின் வாங்க முதல் பதிவுச் சான்றிதழின் பிரதியோடு கச்சேரியில் இருக்கிற மோட்டார் போக்குவரத்துப் பிரிவுக்குப் போய், இந்த மாற்றத்துக்கு இன்றைய திகதியில் என்னென்ன பத்திரம் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். நடைமுறைகள் மாறும், ஆகவே நான் சொல்கிற பட்டியலைவிட அங்கே தருகிற பட்டியல்தான் உங்களுக்குத் தேவை.

இனி நீங்கள் செய்யவேண்டிய ஒழுங்கு. இந்தக் கிழமை கொம்பிரஷன் எடுங்கள், ரேடியேட்டரைத் திறந்து பாருங்கள், உடம்பைத் தட்டிப் பாருங்கள். சிலிண்டர்கள் நான்கும் கிட்டக் கிட்ட இருந்து புகை மட்டும்தான் பிரச்சினை என்றால் வால்வ் சீலும் ரேடியேட்டரும் செய்து ஆறு மாதம் ஓட்டுங்கள். ரிங் போயிருந்தால் அதையே கட்டுவதா, 5கேயா என்று அப்போது முடிவெடுக்கலாம். எதைச் செய்தாலும் அறுபதாயிரத்தைத் தனியாக அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். கடைசிக் கிழமையில் யாரும் எதிர்பாராத ஒரு ஹோஸோ, ஒரு ஷாஃப்டோ, ஒரு கிளச் கேபிளோ கேட்கும். நான்கு சிலிண்டரின் எண்களையும், ஒயில் விட்டபிறகு வந்த எண்களையும், ரேடியேட்டருக்குள் எடுத்த படத்தையும் எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.